கண்காணிப்பும் கண்ணோட்டமும்

மலேசியத் தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்து, இன்று எண்பது வயதைக் கடந்துவிட்ட ஒரு மூதாட்டியை எடுத்துக்காட்டாக மனத்தில் கொள்ளலாம். இளமையில் அவர் பால்மரம் சீவியவர். விடியுமுன் நான்கு மணிக்கு எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்தவர். பின்னர்த் தோட்டம் கைமாறியது; லயன் வீடுகள் இடிக்கப்பட்டன; பிள்ளைகள் பட்டணத்துக்குப் பிழைக்கச் சென்றனர்; அவரும் உடன் சென்றார். கணவர் மறைந்தார். ஒருநாள் பக்கவாதம் தாக்கி ஒரு காலின் வலுவைக் குறைத்தது. நினைவும் மெல்ல மெல்லத் தடுமாறத் தொடங்கியது. இப்போது அவர் ஒரு தாதிமை இல்லத்தில் இருக்கிறார்.

அங்கே நாள்தோறும் விடியற்காலை நான்கு மணிக்கு அவர் விழித்துக்கொள்கிறார். கட்டிலை விட்டு இறங்க முயல்கிறார். இரவுப் பணியில் இருப்பவர் ஒரே ஒரு தாதி. அவர் பார்வையில் படுத்திருப்போரோ பலர். மூதாட்டி இறங்கினால் விழக்கூடும். விழுந்தால் இடுப்பெலும்பு முறியக்கூடும். அந்த வயதில் முறிந்த எலும்பு பலரை மீண்டும் எழவிடாமலே செய்துவிடும். ஆகவே கட்டிலின் இருபுறத்துக் கம்பித் தடுப்புகளும் உயர்த்தப்படுகின்றன. அவற்றையும் தாண்ட அவர் முயன்றபோது, இடுப்பில் ஒரு துணிப்பட்டை கட்டப்படுகிறது. ‘இரவில் அமைதியின்மை’ என்று குறிப்பேட்டில் எழுதப்படுகிறது. அதன்பின் அவர் விழவில்லை. அவர் பாதுகாப்பாக இருக்கிறார்.

ஆனால், அவர் நன்றாக இருக்கிறாரா? பாதுகாப்பு என்பதும் நல்வாழ்வு என்பதும் ஒன்றுதானா? ஒருவரை விழாமல் காப்பதற்காக அவரைக் கட்டிவைப்பது அறமாகுமா? முதியோர் இல்லங்களைப் பற்றி எழுப்பத்தக்க வினாக்களுள் தலையாயவை இவை. எனினும் தமிழ் மேடைகளில் பெரும்பாலும் எழுப்பப்படுவது வேறொரு வினா.

பெற்றோரை இல்லத்தில் சேர்ப்பது பாவமா என்பதே அவ்வினா. ஈன்று வளர்த்தவரை அயலார் கையில் ஒப்படைப்பது நன்றிகேடு என்றும், முதியோர் இல்லங்கள் பெருகுவது சமுதாயத்துக்கு இழிவு என்றும் பட்டிமன்றங்கள் முழங்குகின்றன; பள்ளிக் கட்டுரைகளும் அதையே எழுதுகின்றன. இம்முழக்கத்தில் உண்மை ஒரு கூறு உண்டு. சுமையென்று கருதிப் பெற்றோரை உதறியவர்களும் இருக்கத்தான் செய்கின்றனர். ஆயினும் எல்லாரையும் அவ்வரிசையில் நிறுத்துவது நேர்மையாகாது.

படுத்த படுக்கையாகிவிட்ட ஒருவரைப் பேணுவது எத்தகைய பணி என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தாமாகத் திரும்பிப் படுக்க இயலாதவரை ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவும் பகலும் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் இடுப்பிலும் குதிகாலிலும் முதுகெலும்பின் அடியிலும் தோல் சிவந்து, படுக்கைப்புண் உண்டாகும். விழுங்கும் ஆற்றல் குறைந்தவருக்கு ஒரு மிடறு தண்ணீர்கூட ஆபத்தானது. அது மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரலில் அழற்சி தோன்றும். ஆகவே தண்ணீரையும் கெட்டியாக்கிக் கொடுக்க வேண்டியிருக்கும். வேளைக்கு ஏழெட்டு மாத்திரைகள் உண்பவருக்கு ஒன்று மாறினாலும் கேடு விளையும். முன்பு ஒரு வீட்டில் பத்துப் பேர் இருந்தனர். இன்று அடுக்குமாடி வீட்டில் இருப்போர் மூவரோ நால்வரோ. அவர்களுள்ளும் கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்கின்றனர். அவ்வீட்டில் குறைந்திருப்பது அன்பு என்று சொல்லிவிட முடியாது, கைகள் குறைந்துவிட்டன.

இனி இந்நிலை மிகுமேயன்றிக் குறையாது. சிங்கப்பூர்க் குடிமக்களுள் 65 வயதைக் கடந்தவர்கள் 2024ஆம் ஆண்டில் 19.9 விழுக்காட்டினர், 2030ஆம் ஆண்டளவில் நால்வருள் ஒருவர் அவ்வயதினராக இருப்பர் எனக் கணிக்கப்பட்டுள்ளது. மலேசியாவும் அதே காலத்தில் 60 வயதைக் கடந்தோர் 15 விழுக்காட்டினராக உள்ள நாடாகிவிடும் என்பது கணிப்பு. இல்லங்கள் வேண்டுமா, வேண்டாவா என்னும் வாதத்துக்குக் காலம் விடை கூறிவிட்டது.

பழி கூறும் பேச்சினால் விளையும் தீமை ஒன்றும் உண்டு. இல்லத்தில் சேர்ப்பது இழிவு என்று ஊர் சொல்லும்போது, சேர்த்தவர்கள் அதனை மறைக்க முற்படுகின்றனர். உறவினர் கேட்டால், “அம்மா அண்ணன் வீட்டில் இருக்கிறார்” என்கின்றனர். தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று அஞ்சிச் செல்வதைக் குறைத்துக்கொள்கின்றனர். வாரந்தோறும் சென்றவர் மாதந்தோறும் செல்கிறார். பிறகு தீபாவளிக்கு மட்டும் செல்கிறார். யாரும் வந்து பார்க்காத முதியவரே இல்லத்தில் மிகுந்த ஆபத்துக்கு உள்ளாகிறவர். நாணத்தால் மூடப்படும் கண், காக்க வேண்டிய கண்ணாகவும் இருந்துவிடுகிறது.

இக்கருத்துக்கு 2011ஆம் ஆண்டு சிங்கப்பூரில் வெளிப்பட்ட நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். ஒரு தாதிமை இல்லத்தில் மூதாட்டி ஒருவர் முரட்டுத்தனமாக நடத்தப்பட்டது, மறைவாக வைக்கப்பட்ட ஒளிப்பதிவுக் கருவியால் வெளியாயிற்று. அக்காட்சி தொலைக்காட்சியில் காட்டப்பட்டது, நாடே அதிர்ந்தது. அவ்வில்லம் புதியவர்களைச் சேர்த்துக்கொள்ளச் சுகாதார அமைச்சு தடை விதித்தது. ஏடுகளும் பதிவுகளும் சொல்லாத ஒன்றை, ஒளித்துவைத்த ஒரு கருவி சொல்லிற்று.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. மலேசியாவில் 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டம் உண்டு. தனியார் தாதிமை இல்லங்கள் 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டன. முதியோர் பராமரிப்புக்கெனத் தனிச் சட்டம் ஒன்று 2018ஆம் ஆண்டுச் சட்டமாக வெளிவந்தது. சிங்கப்பூரில் தாதிமை இல்லங்களுக்கான மேம்பட்ட தரவிதிகள் 2015இல் நடைமுறைக்கு வந்தன. 2020ஆம் ஆண்டின் சுகாதாரப் பராமரிப்புச் சேவைகள் சட்டத்தின்கீழ் அவ்வில்லங்கள் 2023இல் கொண்டுவரப்பட்டன. உரிமம், தணிக்கை, தண்டனை யாவும் ஏட்டில் உள்ளன. இவற்றின் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. தீயணைப்புக் கருவியும் அகன்ற வாசலும் தூய்மையான சமையலறையும் இரக்கத்தால் மட்டும் வந்துவிடுவன அல்ல; சட்டத்தின் அச்சத்தாலும் வருவன.

எனினும் சட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. எண்ணக்கூடியதையே அது எண்ணும். ஒருவர் எத்தனை முறை விழுந்தார் என்று கேட்கும். எழுந்து நடக்கும் விருப்பத்தை என்று இழந்தார் என்று கேட்காது. புண்ணின் அகலத்தை அளக்கும். காத்திருந்து கண்மூடிய மாலைகளை அளக்காது. சிங்கப்பூரில் 1995ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின்படி, வறுமையுற்ற பெற்றோர் பிள்ளைகளிடம் பொருளுதவி கோரலாம். அச்சட்டம் மகனைப் பணம் தரச் செய்யும். வந்து கட்டிலருகே அமரச் செய்யாது.

இவ்விடத்தில் வள்ளுவரின் நெறியைக் கருதுதல் பயன் தரும். அன்புடைமையை அவர் இல்லறவியலில் கூறினார். அருளுடைமையைத் துறவறவியலில் கூறினார். கண்ணோட்டம் என்னும் அதிகாரமோ இவ்விரண்டிலும் இல்லை. பொருட்பாலில், அரசனுக்குரியவற்றைக் கூறும் அரசியலில், 58ஆம் அதிகாரமாக அது அமைந்துள்ளது. கொடுங்கோன்மையும் வெருவந்த செய்யாமையும் அதற்கு முன் நிற்கின்றன. சுற்றத்தாரிடம் கொள்வது அன்பு. எல்லா உயிரிடத்தும் கொள்வது அருள். தன் அதிகாரத்தின்கீழ் வாழ்வோரிடம் கொள்வது கண்ணோட்டம். அதிகாரம் உள்ள இடத்தில்தான் கண்ணோட்டத்துக்கு வேலை உண்டு என்பது இவ்வைப்புமுறையால் பெறப்படும்.

ஒரு முதியவருக்கும் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, உடுத்திவிடும் பணியாளருக்கும் இடையே உள்ள உறவு, பெயரளவில் தொண்டு, உண்மையில் அதிகாரம். எப்போது எழுவது, எப்போது உண்பது, எப்போது கழிவறைக்குச் செல்வது என்பனவற்றையெல்லாம் அப்பணியாளரே முடிவு செய்கிறார். மன்னனுக்குக் குடிமக்கள்மீது இருந்த அதிகாரத்தைவிட இது நெருக்கமானது. ஆகவே அரசனுக்குச் சொன்ன அறம் இங்கே முழுமையாகப் பொருந்தும்.

கண்ணோட்டத்தை அடுத்து வருவது எந்த அதிகாரம் என்பதும் நோக்கத்தக்கது. 59ஆம் அதிகாரம் ஒற்றாடல். ஒற்றும் நூலும் அரசனின் இரு கண்கள் எனக் கொள்ளச் சொல்லி அது தொடங்குகிறது. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கவும் அது கூறுகிறது. இக்காலத்தில் நூல் என்பது சட்டம். ஒற்று என்பது தணிக்கை. இரக்கத்தைப் பேசிய உடனே விழிப்பையும் பேசியவர் வள்ளுவர். இரக்கம் மட்டும் போதும் என்று நம்புவது பேதைமை. கண்காணிப்பு மட்டும் போதும் என்று நம்புவதோ வறட்சி. அந்த 2011ஆம் ஆண்டு நிகழ்ச்சி கண்காணிப்பின் தேவையைக் காட்டிற்று; துணிப்பட்டையால் கட்டப்பட்ட மூதாட்டி கண்காணிப்பின் குறையைக் காட்டுகிறார். அவரைக் கட்டியவர் கொடியவர் அல்லர், பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

கண்காணிப்பு என்னும் சொல்லுக்கு இந்நாட்டுத் தமிழரிடையே தனி நினைவு ஒன்றும் உண்டு. கங்காணி என்னும் பெயரும் அதே வேரில் பிறந்ததே. நிரையில் நிற்பவர் மரத்தைச் சீவினாரா, மங்கைத் துடைத்தாரா, பால் சிந்தினாரா என்று பார்த்துக்கொண்டிருந்த கண் அது. வேலையைப் பார்த்தது, வேலை செய்தவரை எப்போதாவதுதான் பார்த்தது. தோட்டத்தில் அத்தகைய கண்களின் கீழ் உழைத்து ஓய்ந்த ஒருவர், வாழ்வின் இறுதியிலும் வேறொரு கண்காணிப்பின் கீழ்ப் படுத்திருப்பதற்கு மட்டுமே உரியவரா?

கட்டிவைப்பதால் பாதுகாப்பேனும் உறுதியாகிறதா என்றால், அதுவும் இல்லை. கட்டுண்டவரின் தசைகள் நாளுக்கு நாள் மெலிகின்றன. முன்பு தடுமாறி நடந்தவர் பின்பு நிற்கவும் இயலாதவர் ஆகிறார். அசையாதிருப்பதால் படுக்கைப்புண் வருகிறது. கட்டை அவிழ்க்க முயன்று காயமுற்றவர்களும், கம்பித் தடுப்பின்மேல் ஏறி இன்னும் உயரத்திலிருந்து விழுந்தவர்களும் உண்டு. விழும் அச்சத்தால் கட்டப்பட்ட கட்டு, விழுவதற்கான காரணத்தையே வளர்த்துவிடுகிறது.

அப்படியாயின் அக்கட்டைக் கட்டியது யார்? தாதியின் கை கட்டியது என்பது பாதி உண்மை. முதியவர் விழுந்தால் குடும்பத்தினர் வந்து சினந்து கேட்பர், முறையீடு செய்வர், வழக்கும் தொடுப்பர். அவர் நடையை இழந்தால், மனம் சோர்ந்தால், பேச்சு ஒடுங்கினால், ‘வயதாகிவிட்டது’ என்று அமைதி அடைவர். இல்லத்தின் அச்சம் இதனால் பிறக்கிறது. பட்டையின் ஒரு முனை தாதியின் கையில் இருந்தால், மறுமுனை வீட்டாரின் கையில் இருக்கிறது. “எங்கள் தாயார் சிறிது நடக்கட்டும், அதனால் வரும் இடரை நாங்களும் ஏற்கிறோம்” என்று சொல்லும் குடும்பமே அக்கட்டை அவிழ்க்கத் தொடங்குகிறது. இது எளிய சொல் அன்று. அதனைச் சொன்ன மறுநாளே அவர் விழவும் கூடும். ஆயினும் இடர் சிறிதும் இல்லாத வாழ்வை எவரும் தமக்கென வேண்டுவதில்லை. தமக்கு வேண்டாத ஒன்றைத் தாய்க்கு மட்டும் வேண்டுவது எவ்வாறு அன்பாகும் என்பது சிந்திக்கத்தக்கது.

கிருமித் தொற்றுக் காலமும் இதே சிக்கலை ஊரறியக் காட்டிற்று. 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் சிங்கப்பூர்த் தாதிமை இல்லங்களில் வெளியார் வருகை நிறுத்தப்பட்டது. தொற்றினால் மிகுதியும் இறப்போர் முதியோரே ஆகையால், அம்முடிவுக்கு வலுவான காரணம் இருந்தது. ஆனால் கதவு மூடியபோது நோயோடு உறவும் வெளியே நின்றுவிட்டது. எது காப்பாற்றுகிறதோ அதுவே வாடவும் வைக்கிறது என்னும் உண்மையைப் பல குடும்பங்கள் தொலைபேசித் திரையின் வழியே கண்டன.

கண்ணோட்டத்தைச் சட்டத்தால் விதிக்க முடியாது என்பர் சிலர். அது சரியே. ஆனால் கண்ணோட்டம் பிறப்பதற்கான நிலைமைகளை ஏற்படுத்த முடியும். கண்ணோட்டத்தைப் பழகியவரிடத்துத் தோன்றுவதாகப் பரிமேலழகர் விளக்குவார். பழக்கத்துக்கு நாள் வேண்டும், நேரம் வேண்டும். ஓர் இரவில் ஒருவரே பலரைப் பார்க்க வேண்டுமெனில், அவர் எவரையும் பழகிக்கொள்ள இயலாது. மாதத்துக்கு ஒருமுறை பணியாளர் மாறும் இல்லத்தில் அறிமுகம் முடிவதற்குள் பிரிவு வந்துவிடும். சிங்கப்பூர்த் தாதிமை இல்லங்களில் பணிபுரிவோருள் பலர் மியன்மார், பிலிப்பீன்ஸ், இந்தியா, இலங்கை முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். தம் தாயை ஊரில் விட்டுவிட்டு, இன்னொருவர் தாயைக் குளிப்பாட்டுகிறவர்கள். கடல் கடந்து கூலிக்கு வந்த முன்னோரின் வழித்தோன்றல்களுக்கு அவர்தம் நிலை புரியாததன்று. களைத்த கையிடம் கனிவை மட்டும் எதிர்பார்ப்பதும் ஒருவகைக் கொடுமையே. போதிய ஆட்கள், போதிய ஓய்வு, தகுந்த ஊதியம் ஆகியன முதியோர்க்குச் செய்யும் தொண்டின் பகுதிகளே. அதற்குரிய செலவை ஏற்காமல் தரத்தை மட்டும் கோருவது, விதைக்காமல் அறுக்க எண்ணுவதாகும்.

மொழியும் பராமரிப்பின் ஒரு பகுதியாகும். மறதிநோய் முற்றும்போது, பின்னாளில் கற்ற மொழிகள் முதலில் நழுவிப்போவதும், குழந்தைப் பருவத்து மொழி இறுதிவரை எஞ்சி நிற்பதும் பலரிடம் காணப்படுகின்றன. சந்தையில் மலாய் பேசியவர், பேரனிடம் ஆங்கிலச் சொல் கலந்து பேசியவர், இப்போது தமிழில் மட்டுமே கேட்கிறார். தமிழில் மட்டுமே அழுகிறார். தாகத்தையும் வலியையும் அச்சத்தையும் அவர் கூறும் சொல்லை அறிந்தவர் அக்கூடத்தில் இல்லையெனில், அக்குரல் வெறும் ஓசையாகிவிடும். குறிப்பேட்டில் ‘அமைதியின்மை’ ஆகிவிடும். மொழி தெரிந்த ஒருவர் வாரம் ஒருமுறை வந்து கட்டிலருகே அமர்ந்தால், ஓசை மீண்டும் சொல்லாகும்.

தமிழாசிரியரும் மாணவரும் செய்யத்தக்கது இங்கே நிரம்ப உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகச் சென்று, பாட்டுப் பாடி, பழப்பை கொடுத்து, படம் எடுத்துத் திரும்புவதோடு அது முடிந்துவிடாது. ஒரு மாணவர் ஒரு முதியவரை ஓராண்டு தொடர்ந்து சந்திக்கலாம். அவர் எப்பெயரால் அழைக்கப்பட விரும்புகிறார், எந்தக் காது நன்றாகக் கேட்கும், எந்த உணவை அவர் தொடமாட்டார், என்ன வேலை செய்தார், எவரை நினைத்து இரவில் விழிக்கிறார் என்பனவற்றைக் கேட்டு ஒரே ஒரு பக்கம் எழுதலாம். தாதிக்குப் புரியும் மொழியில் அதனைப் பெயர்த்துக் கட்டிலின் தலைமாட்டில் வைக்க, குடும்பத்தாரின் இசைவோடு ஏற்பாடு செய்யலாம். வகுப்பில் எழுதப்படும் எத்தனையோ கட்டுரைகளைவிட அந்த ஒரு பக்கத்துக்குப் பயன் மிகுதி. அம்மாணவர் அறியாமலே வேறொன்றும் நிகழும். யாரோ ஒருவர் இவரைப் பார்க்க வருகிறார் என்பதை இல்லம் அறியும். வள்ளுவர் சொன்ன இரண்டாவது ஒற்று, கண்ணோட்டத்தின் உருவில் வந்து சேரும்.

தொடக்கத்தில் கூறிய மூதாட்டியிடம் அப்படி ஒருவர் வந்து அமர்ந்ததாகக் கொள்ளலாம். “பாட்டி, விடியற்காலையில் ஏன் எழுந்துகொள்கிறீர்கள்?” என்று தமிழில் கேட்டதாகக் கொள்ளலாம். “பெரட்டுக்கு நேரமாயிற்றே, பிள்ளை” என்று அவர் விடை கூறியிருப்பார். அறுபது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய பழக்கத்தை உடல் இன்னும் மறக்கவில்லை. அவர் ஓடிப்போக நினைத்ததில்லை, வேலைக்குப் புறப்பட்டார். இதனை அறிந்த தாதி, நான்கு மணிக்கு அவர் கையைப் பிடித்துக் கூடத்தின் கோடிவரை நடத்திச் சென்று, நாற்காலியில் அமர்த்தி, அவர் தொண்டைக்கு ஏற்ற பதத்தில் ஒரு குவளை காப்பி கொடுக்கலாம். பதினைந்து நிமிடம் போதும். அந்தப் பதினைந்து நிமிடத்தைத் தரக்கூடிய அளவுக்கு அவ்விரவில் ஆட்கள் இருக்கிறார்களா என்பதே இல்லத்தின் தரத்தை அறிய உதவும் உரைகல்.

என்றாவது ஒருநாள் அவர் விழவும் கூடும். அன்று குடும்பம் தாதியை நோக்கிக் கேட்க வேண்டிய முதற்கேள்வி, “ஏன் கட்டிவைக்கவில்லை?” என்பதாக இருத்தல் ஆகாது. “எங்கே புறப்பட்டார்?” என்பதாக இருத்தல் வேண்டும். அக்கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளைகளும், அதற்கு விடை கூறத் தெரிந்த பணியாளரும் உள்ள இடத்தில், பாதுகாப்பும் நல்வாழ்வும் ஒன்றையொன்று பகைக்கா. அத்தகைய இல்லத்தில் பெற்றோரைச் சேர்த்தவர் ஊருக்கு அஞ்சி ஒளிய வேண்டுவதில்லை. தலை நிமிர்ந்து, அடிக்கடி சென்று, கட்டிலருகே அமரலாம்.